தாத்தா ஜீப்புக்கு வேற எஞ்சினா, பழசையே சரிசெய்வதா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரியில் எங்கள் பாட்டி வீட்டு வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. 1974-ல் தாத்தா வாங்கிய மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் வண்டி. தாத்தா போய் 9 வருஷமாச்சு. வண்டி மட்டும் மாசத்துக்கு இரண்டு, மூன்று தடவை மலை இறங்கி, சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அதுவும் நின்றுபோனது. மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில்கூட ஏறவில்லை. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து கார்கள். சித்தப்பா ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி, பின் டயருக்குக் கல் வைத்திருக்கிறார்.

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குரூப் இரண்டாகப் பிரிந்தது. "டீசல் எஞ்சின் தூக்கிப் போட்டுடலாம், ஒரே நாள் வேலை" என்றான் தம்பி. "அப்பா ஓட்டின எஞ்சின்ல கை வைக்கக் கூடாது" என்றார் சித்தப்பா. பாட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "எதையோ போடுங்க கண்ணு. வண்டி ஏறோணும், இறங்கோணும், பிரேக் புடிக்கோணும். அவ்ளோதான்."

மறுநாளே யாரோ ஒருவர் ஒரு டீசல் எஞ்சின் இருப்பதாகச் சொன்னார். விலை ரொம்பக் குறைவு. "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாராம்.

டெஸ்க்கில் உட்கார்ந்து எக்ஸ்ப்ளெய்னர் எழுதுவதுதான் என் வேலை என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. ஒரு மாசம் படித்ததையும், மெக்கானிக் பட்டறையில் நின்று பார்த்ததையும் இங்கே தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஜீப் நின்றால் இது உதவும்.

பானெட் ஏன் அவ்வளவு உயரம்?

முதலில் இந்த வண்டியின் கதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசுதான் மஹிந்திரா ஜீப். 1940-களின் கடைசியில் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு இங்கேயே முழுசாகத் தயாரித்தார்கள். நீலகிரி, வால்பாறை, போடி, கொடைக்கானல் பக்கமெல்லாம் எஸ்டேட் வண்டி என்றால் அது ஜீப்தான். கொழுக்குமலைக்கு இன்றைக்கும் ஜீப்பில்தானே போகிறோம்?

போர்க்கால ஜீப்பில் இருந்தது 60 குதிரைத்திறன் கொண்ட 'கோ டெவில்' எஞ்சின். பானெட் தாழ்வாக இருக்கும். 1950-ல் வில்லிஸ் கம்பெனி அதையே மேம்படுத்தி 'ஹரிக்கேன்' என்ற எஞ்சினைக் கொண்டுவந்தது. அளவு அதே 2.2 லிட்டர். ஆனால் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கிலேயே இருந்தன. திறன் 70-க்கு மேல் போனது. எஞ்சினின் உயரமும் கூடியது.

உயரமான எஞ்சினை மூடுவதற்காக பானெட்டைத் தூக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிஜே 3பி. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் அந்த உயர்ந்த மூக்கை வரைந்தது டிசைனர் இல்லை, எஞ்சின்.

இது சும்மா சுவாரஸ்யத்துக்குச் சொல்வதில்லை. "எஞ்சின்தானே, கழற்றி மாட்டிக்கலாம்" என்று நினைக்கிறோம். ஆனால் இந்த வண்டியில் பானெட், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரேடியேட்டர் எல்லாமே அந்த எஞ்சினைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் கேள்வி கேட்கும்.

1. எஞ்சின் உண்மையிலேயே போயிடுச்சா?

பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. "இழுவை இல்ல, புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, எஞ்சின் போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். காய்ச்சல் அடிக்கிறது என்றதும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது மாதிரி. முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

புகையின் நிறமே பாதி சொல்லிவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜை வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். அரைமணி நேர வேலை. எண்கள் பெரிதாக இருக்கின்றனவா என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றனவா என்பது முக்கியம். பத்து சதவிகித வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைவு என்றால், நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது ஆயில் பிரஷர். எஞ்சின் சூடான பிறகு பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பொதுக்கணக்கு. அதற்கு ரொம்பக் கீழே போனால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், தனி கேஜ் போட்டுப் பாருங்கள். பழைய வண்டியில் மீட்டரே பொய் சொல்லும்.

எங்கள் ஜீப்பில் வந்த எண்கள் இவை: 110, 105, 70, 108. மூன்றாவது சிலிண்டர்தான் குற்றவாளி. ஆயில் விட்ட பிறகு 72. அதாவது ஏறவில்லை.

"மூணு பேர் இழுத்துட்டு வர்றாங்க, ஒருத்தர் சும்மா உட்கார்ந்துட்டு வர்றாருங்க. நாலு பேரையும் வேலையை விட்டு எடுத்துடலாம்னு சொல்றீங்க" என்று சிரித்தார் மெக்கானிக் அண்ணன்.

2. 'எஞ்சின் வேலை' என்றால் என்ன?

வண்டிக்காரர்கள் மொழியில் 'எஞ்சின் வேலை' என்றால் எஞ்சினை இறக்கி, முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவது. பழைய எஞ்சின்களின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் லேத் பட்டறையில் மறுபடி மறுபடி உயிர் கொடுக்கலாம்.

சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் இடமில்லை என்றால் ஸ்லீவ் அடித்து பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க் தேய்ந்தால் பத்து தௌ, இருபது தௌ என்று கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். ஒரு தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதற்கும் எல்லை உண்டு. பிளாக்கில் மோசமான இடத்தில் விரிசல், கிராங்கில் விரிசல், ஏற்கெனவே கடைசி அளவு வரை கிரைண்டிங் செய்துவிட்ட கிராங்க் என்றால் அந்த எஞ்சினை விட்டுவிடுவதுதான் நல்லது. அதனால் பிரித்ததும் முதலில் அளக்கச் சொல்லுங்கள். அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா? மஹிந்திரா இந்த வண்டியைப் பல பத்தாண்டுகள் தயாரித்ததால் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டுகளிலும் தேடலாம். உலகம் முழுக்க வில்லிஸ் பிரியர்கள் இருப்பதால் கேஸ்கெட் செட், பேரிங் செட் போன்றவை வெளிநாட்டிலும் விற்பனையில் உள்ளன. கஷ்டம் பார்ட்ஸில் இல்லை. இந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய கை குறைந்துவருகிறது. வேலை தெரிந்த மெக்கானிக் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. இன்றைய பெட்ரோல் இதற்குச் சரிப்படுமா?

நியாயமான கேள்வி. இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் சீட்டுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரி வேலை செய்தது. ஆரோக்கியக் கேடு காரணமாக இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் மெத்தை போனதால் பழைய எஞ்சின்களில் வால்வு சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்துபோகலாம். குழியக் குழிய டேப்பெட் இடைவெளி குறையும். ஒருநாள் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் போய்விடும்.

எங்கள் மூன்றாவது சிலிண்டருக்கு நடந்தது இதேதான். பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால் அந்த எக்ஸாஸ்ட் டேப்பெட்டில் இடைவெளியே இல்லை. சரியான இடைவெளி வைத்ததும் 72-லிருந்து 85-க்கு ஏறியது. மீதி, சீட் தேய்ந்த கணக்கு. தேய்ந்த சீட்டை எடுத்துவிட்டு, கடினமான உலோகத்தில் புது சீட் பொருத்தினால் ஈயம் இல்லாத பெட்ரோல் பிரச்னையே இல்லை.

அடுத்து ஈ20. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவற்றை எத்தனால் அரிக்கும். அது தண்ணீரையும் ஈர்க்கும். மாசக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்க இது ஒரு காரணமாகும். எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு மாறுவது, கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபார்ப்பது, டேங்க்கைச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றும் கட்டாயம். எல்லாம் சேர்த்தாலும் எஞ்சின் மாற்றும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

4. டீசல் போட்டால் இழுவை கூடுமா?

தம்பியின் பெரிய வாதம் இதுதான். மலையில் பல பெட்ரோல் ஜீப்புகள் டீசலுக்கு மாறியதும் உண்மை. மஹிந்திராவே டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சினையும், பிறகு பிரான்ஸின் பெஜோ எஞ்சினையும் ஜீப்பில் போட்டு விற்றது. அப்போது டீசல் விலை அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோலைவிட ரொம்ப மலிவு. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இன்றைக்கு இரண்டுக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

இழுவையைப் பொறுத்தவரை ஒரு ஆச்சரியம். ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினின் டார்க் சுமார் 155 நியூட்டன் மீட்டர். எம்எம்540 ஜீப்பில் வந்த 2,112 சிசி பெஜோ டீசலின் டார்க் சுமார் 120. அளக்கும் முறைகள் வேறு என்பதால் நேருக்கு நேர் வைத்து ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாது. ஆனால் 'டீசல் என்றாலே இழுவை அதிகம்' என்பது எல்லா டீசலுக்கும் பொருந்தாது என்பது தெளிவு. பொலேரோவில் பிரபலமான 2,523 சிசி டிஐ எஞ்சின் மாதிரி பெரிய எஞ்சின் போட்டால் இழுவை நிச்சயம் கூடும். கூடவே எடையும் கூடும்.

இனி அந்த 'ஒரே நாள் வேலை' பட்டியல். எஞ்சின் உட்கார புது மவுண்ட். பழைய கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட், இல்லையென்றால் கியர்பாக்ஸே புதுசு. கிளட்ச். ரேடியேட்டர். சைலன்ஸர் குழாய். டீசல் திரும்பி டேங்க்குக்குப் போக ஒரு ரிட்டர்ன் லைன். பெரிய பேட்டரி, வயரிங். ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கிறதா என்று பார்ப்பது. முன்பக்கம் கனம் கூடுவதால் பட்டை ஸ்பிரிங். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் சாய்வும்.

ஆக்ஸிலையும் மறக்கக் கூடாது. சிஜே 3பி-யின் ஆக்ஸில் ரேஷியோ 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்தரைச் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்ற வேண்டும். ஏற்றத்துக்கு அருமையான கணக்கு. ஆனால் நிதானமாகச் சுற்றும் டீசலை இதே ஆக்ஸிலோடு போட்டால் சமவெளியில் எஞ்சின் கத்தும், வேகம் வராது. பிறகு ஆக்ஸிலையும் மாற்றத் தோன்றும்.

கடைசியாகப் பாட்டி சொன்னது: பிரேக். இந்த வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 70 குதிரைத்திறனுக்கும் அந்தக் காலத்து வேகத்துக்கும் ஏற்றது. கனமான, பலமான எஞ்சினைப் போட்டுவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால், ஏறும்போது சந்தோஷமாக இருக்கும். இறங்கும்போதுதான் தெரியும். எஞ்சின் மாற்றும் கொட்டேஷனில் பிரேக் என்ற வரி இல்லையென்றால் அந்தக் கொட்டேஷனை நம்பாதீர்கள்.

5. எரிபொருள் கணக்கு: உங்கள் கிலோமீட்டர் எவ்வளவு?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், டீசலில் 12. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய்.

வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு 25,000 ரூபாய். டீசலுக்கு சுமார் 15,300. மிச்சம் 9,700 ரூபாய்க்குள்.

வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கு 1,25,000, டீசலுக்கு சுமார் 76,700. மிச்சம் 48,000 ரூபாய்க்கு மேல்.

இரண்டும் ஒரே வண்டி, ஒரே எஞ்சின். முடிவு மட்டும் வேறு. தினம் எஸ்டேட்டுக்கு ஓடும் வண்டிக்கு டீசல் சில வருஷங்களில் காசை மீட்டுத் தரலாம். மாசம் மூன்று தடவை மலை இறங்கும் எங்கள் வண்டிக்கு அது மீள்வதற்குள் தம்பி தாத்தா ஆகிவிடுவான். உங்கள் வண்டியின் மைலேஜ், உங்கள் ஊர் விலை போட்டு நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஞ்சின் நம்பர் உங்கள் ஆர்சியில் இருக்கிறது. எரிபொருள் வகையும் சிசியும்கூட இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

அப்படியானால் எஞ்சினே மாற்ற முடியாதா? முடியும். அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் என்றால் ஆர்டிஓ அனுமதி பெற்று, புது எஞ்சின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். வேறு வகை எஞ்சின், வேறு எரிபொருள் என்றால் விஷயம் சிக்கலாகிறது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாற சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற கன்வர்ஷன் கிட் வேண்டும். பட்டறையில் யாரோ பொருத்திக் கொடுக்கும் மோட்டார் அந்தக் கணக்கில் வராது.

அனுமதியில்லாமல் மாற்றினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியின் பதிவை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அப்போது ஆய்வாளர் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும். சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மைச் சிக்கலாக்கும்.

பேப்பர் இல்லாத எஞ்சின் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது எந்த வண்டியிலிருந்து வந்தது? அந்த வண்டி திருடப்பட்டதா? விபத்தில் சிக்கியதா? பில், அசல் வண்டியின் ஆர்சி விவரம் இரண்டும் கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வந்த அந்த மலிவு எஞ்சினுக்கு இரண்டையும் கேட்டோம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போனே இல்லை.

50 வயதான வண்டி என்றால் கூடுதல் கவனம்

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவுசெய்துகொள்ளலாம். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பதிவு 10 வருஷம் செல்லும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது இன்று டீசல் எஞ்சின் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வின்டேஜ் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். மளிகை ஏற்றி வரும் எங்கள் ஜீப்புக்கு இப்போதைக்கு இது சரிப்படாது. ஆனாலும் அசல் எஞ்சின் இருக்கும்வரை அந்த வாய்ப்பு கையில் இருக்கிறது. வித்தால் விலையிலும் அது தெரியும்.

சரி, யார் என்ன செய்யலாம்?

அசல் எஞ்சினைச் சரிசெய்யுங்கள்: வண்டியின் ஓட்டம் குறைவு, பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருக்கின்றன, வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், வண்டி 50 வயதை நெருங்குகிறது என்றால்.

அதே வகை வேறு எஞ்சின் போடுங்கள்: உங்கள் பிளாக் தேறாது என்று அளந்து உறுதியாகிவிட்டது, பேப்பரோடு அதே மாடல் எஞ்சின் கிடைக்கிறது என்றால். ஆர்டிஓ அனுமதியை முதலில் வாங்குங்கள். பழைய எஞ்சினைத் தூக்கி எடைக்குப் போடாதீர்கள். அதிலிருக்கும் பாகங்கள் பின்னால் உதவும்.

வேறு வகை எஞ்சினை யோசியுங்கள்: வண்டி தினமும் உழைக்க வேண்டும், ஆர்டிஓ எழுத்தில் வழி சொல்லியிருக்கிறார், பிரேக், கியர்பாக்ஸ், ஆக்ஸில் வரை எல்லாம் சேர்ந்த கொட்டேஷன் கையில் இருக்கிறது என்றால். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே டீசலாகவே வந்த ஜீப்பை வாங்குவது அதைவிடச் சுலபமாக இருக்கலாம்.

எந்த முடிவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் அளவு, பிறகு பேப்பர், பிறகு பணம். நாம் பெரும்பாலும் பணத்தில் ஆரம்பித்து, பேப்பரில் முடிக்கிறோம். அளப்பதே இல்லை.

எங்கள் ஜீப் என்னாச்சு?

எஞ்சினை இறக்கினார்கள். கிராங்க் அளவு நன்றாகவே இருந்தது. நாலு எக்ஸாஸ்ட் சீட்டும் புதுசு போட்டு, வால்வு லேப்பிங் செய்து, ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றிப் பூட்டினார்கள். குழாய்கள் எல்லாம் புதுசு. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார்கள். பாட்டி சொன்னபடி நாலு சக்கர பிரேக்கும் பிரித்துப் பார்த்ததில் பின்பக்க வீல் சிலிண்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. டீசல் எஞ்சின் பேச்சிலேயே இருந்திருந்தால் அதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

இதில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி திரும்பிவர ஏழு வாரம் ஆனது. அதுவரை சாமானுக்கு வாடகை வண்டிதான். சித்தப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டறைக்குப் போய் நின்றார். தினமும் வண்டி வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஆனது.

போன மாசம் அதே ரோட்டில் அதே வளைவு. இந்தத் தடவை ஓட்டியது தம்பி. இரண்டாவது கியரிலேயே ஏறியது. மேலே வந்து நிறுத்தியதும் நான் அவனைப் பார்த்தேன்.

"டீசலா இருந்தா மூணாவது கியர்ல ஏறியிருக்கும்க்கா" என்றான்.

இந்த ஜீப்பின் கியர்பாக்ஸில் முன்னால் போக இருப்பதே மூன்று கியர்தான் என்பதை சித்தப்பா அவனிடம் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கிப் போய், பழக்க தோஷத்தில் பின் டயருக்கு ஒரு கல் வைத்தார்.